இடம் பொது, கணக்கு தனி: குடும்பக் கைப்பேசிகளில் கிளவுட் சேமிப்பைப் பகிர்வது எப்படி

அப்பா முதல் ஐபோன் வாங்கியபோது ஓர் ஆப்பிள் கணக்கு தொடங்கினார். அந்தப் போன் அம்மாவுக்குக் கைமாறியபோது கணக்கை மாற்றவில்லை. பிள்ளைக்கு ஐபேட் வாங்கியபோதும் அதே கணக்கு, அதே கடவுச்சொல். நம் வீடுகளில் பரவலாக இப்படித்தான் நடக்கிறது. கொஞ்ச காலம் எந்தச் சிக்கலும் தெரியாது. பிறகு அப்பாவுக்கு வரும் ஃபேஸ்டைம் அழைப்பு பிள்ளையின் ஐபேடில் அடிக்கும். அம்மா தன் போனில் வேண்டாம் என்று அழித்த எண் அப்பாவின் போனிலிருந்தும் காணாமல் போகும். மகள் இடம் போதவில்லை என்று 500 படங்களை அழித்தால், பாட்டியின் பிறந்தநாள் படங்கள் எல்லார் போனிலும் சேர்ந்தே அழியும்.

இடத்தைப் பகிருங்கள், கணக்கைப் பகிராதீர்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கணக்கு இருக்கட்டும். கிளவுட் இடத்துக்கு மட்டும் ஒரே சந்தா போதும். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டு பாம் ஷெல்ட்டரில் (சாமான் அறையாகவும் பயன்படும் பாதுகாப்பு அறை) எல்லார் சாமானும் இருக்கும், ஆனால் அதற்காக யாரும் தன் பீரோ சாவியைப் பொதுவில் மாட்டி வைப்பதில்லை. ஆப்பிளும் கூகுளும் குடும்பத் திட்டத்தை இந்த அடிப்படையில்தான் அமைத்திருக்கின்றன. குடும்பக் குழுவில் சேர்ந்ததால் ஒருவர் படத்தையோ கோப்பையோ மற்றவர் பார்க்க முடியாது. யார் எத்தனை ஜிபி பயன்படுத்துகிறார் என்பது மட்டுமே தெரியும். வளர்ந்த பிள்ளைகள் சேரத் தயங்குவது பெரும்பாலும் இது தெரியாததால்தான். முதலில் அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

எத்தனை பேர், எவ்வளவு இடம்

ஆப்பிள் குடும்பக் குழுவில் அமைப்பாளரையும் (குழுவைத் தொடங்குபவர்) சேர்த்து 6 பேர். ஆப்பிளின் கட்டணச் சேமிப்புச் சந்தாவான ஐகிளவுட் பிளஸின் அளவுகள் 50 ஜிபி, 200 ஜிபி, 2 டிபி, 6 டிபி, 12 டிபி. எதை வாங்கினாலும் குடும்பத்தோடு பகிரலாம். சந்தா இல்லாவிட்டால் ஆளுக்கு 5 ஜிபி இலவசம். கூகுளின் சேமிப்புச் சந்தாவான கூகுள் ஒன் திட்டத்திலும் வாங்கியவரோடு இன்னும் 5 பேர் சேரலாம். அங்கே ஒரு நல்ல வசதி உண்டு: ஒவ்வொருவரின் இலவச 15 ஜிபி முதலில் கழியும், அது தீர்ந்த பிறகே பொது இடத்தில் கை வைக்கும். மைக்ரோசாஃப்ட் 365 ஃபேமிலி வேறு வகை. அதில் 6 பேருக்கும் ஆளுக்கு 1 டிபி தனித்தனியாகக் கிடைக்கும். ஒருவர் மிச்சம் வைத்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது.

ஐகிளவுடில் 200 ஜிபிக்கு அடுத்த படி நேரே 2 டிபி. இடையில் எதுவும் இல்லை. அதனால் மேல் திட்டத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு போனிலும் செட்டிங்ஸ், மேலே உள்ள பெயர், ஐகிளவுட் என்று போய் இப்போது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்துக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 150 ஜிபிக்குள் வந்தால் 200 ஜிபியே போதும். 200 ஜிபியைக் கொஞ்சம் தாண்டுகிறது என்றால், சந்தாவை உயர்த்துவதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குப்பையைக் கழிப்பதே லாபம்.

குழு அமைத்தும் இடம் வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். குழுவை உருவாக்குவது ஒரு வேலை, சேமிப்பைப் பகிர்வது இன்னொரு வேலை. ஐபோனில் செட்டிங்ஸ், ஃபேமிலி, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில் ஐகிளவுட் பிளஸைத் தொட்டுப் பகிர வேண்டும். கூகுள் ஒன் செயலியில் செட்டிங்ஸுக்குள் குடும்ப அமைப்பில், கூகுள் ஒன்னைக் குடும்பத்தோடு பகிரும் பொத்தானை இயக்க வேண்டும். ஏற்கெனவே சொந்தச் சந்தா வைத்திருப்பவர் குழுவில் சேர்ந்தால், பழையது இன்னும் ஓடுகிறதா என்று சந்தாப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் காசு போய்க்கொண்டிருக்கலாம்.

ஆப்பிள் குழுவில் வாங்குதல் பகிர்வு என்று ஒன்று உண்டு. அது இயங்கினால் குடும்பத்தார் வாங்கும் செயலிகளுக்கெல்லாம் அமைப்பாளரின் அட்டையில் பணம் எடுக்கப்படும், ரசீதும் அவருக்கே போகும். வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை அணைத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் இயங்கட்டும். கூடவே வாங்குமுன் பெற்றோரிடம் அனுமதி கேட்கும் வசதியையும் இயக்குங்கள்.

இடத்தைத் தின்பது எது

ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்க ஆப்பிளிலும் முடியாது, கூகுளிலும் முடியாது. ஒருவரே அத்தனையையும் நிரப்பிவிடலாம், அப்போது ஆப்பிளில் ஆறு பேருக்கும் சேர்ந்து நின்றுபோகும், கூகுளில் தன் 15 ஜிபியும் தீர்ந்தவர்களுக்கு நின்றுபோகும். புதுப் படம் மேலே ஏறாது, பேக்கப் நடக்காது. கூகுளில் அவர்களுக்கு ஜிமெயில் வருவதும் போவதும்கூட நிற்கும்.

முதல் சந்தேக நபர் வீடியோ. ஐபோனில் 4கே, விநாடிக்கு 60 ஃப்ரேம் என்று வைத்து எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி. பத்து நிமிட நடன நிகழ்ச்சிக்கு 4 ஜிபி! அதையே 1080பி, 30 ஃப்ரேமில் எடுத்தால் நிமிடத்துக்கு 60 எம்பிதான். செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ பக்கத்தில் இந்தக் கணக்கை ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. வீட்டில் யாரும் பெரிய திரையில் போட்டுப் பார்க்காத வீடியோவுக்கு 4கே வேண்டாம்.

அடுத்தது வாட்ஸ்அப். காலை வணக்கப் படங்கள், கோவில் அலங்காரப் படங்கள், ஐந்து குழுக்களில் ஐந்து முறை வரும் ஒரே வீடியோ எல்லாம் சேர்ந்து தாத்தா பாட்டி போன்களில் மலைபோல் குவிந்திருக்கும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் முன்பு கூகுள் கணக்கின் இடத்தில் சேராது, இப்போது சேர்கிறது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ் போனால், பலமுறை ஃபார்வர்ட் ஆனவையும் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் தனியாகத் தெரியும். அங்கிருந்து அழிப்பதுதான் வேகமான வழி. பிறகு தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். ஐபோனில் சாட்ஸ் பகுதியில் போட்டோஸில் சேமிப்பதையும், ஆண்ட்ராய்டில் மீடியா விசிபிலிட்டியையும் அணைத்துவிட்டால், குழுவில் வரும் படம் ஆல்பத்தில் ஏறி மீண்டும் கிளவுடுக்குப் போகும் இரட்டைச் செலவு நிற்கும். மூன்றாவது, பழைய போன்களின் பேக்கப். கைவிட்ட ஐபோனின் கடைசி பேக்கப் 180 நாள் ஐகிளவுடில் கிடக்கும். விற்ற போனின் பேக்கப்பைப் பட்டியலில் பார்த்து அழித்தால் பல ஜிபி ஒரே நொடியில் திரும்பும்.

ஒன்றாய்க் கிடக்கும் கணக்கைப் பிரிப்பது

அவசரப்பட்டால் படங்கள் போய்விடும் வேலை இது, வரிசை முக்கியம். அப்பாவின் கணக்கில் அம்மாவின் ஐபோன் ஓடுகிறது, அம்மாவுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பிரிக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள். இந்தப் போனில் அழிப்பது அந்தப் போனிலும் அழியும். சுத்தம் செய்வதெல்லாம் பிறகு.

முதலில் படங்கள். செட்டிங்ஸ், போட்டோஸ் பக்கத்தில் இடத்தை மிச்சப்படுத்தும் ஆப்டிமைஸ் இயங்கினால், போனில் இருப்பது சிறிய பிரதி மட்டுமே. அசல் ஐகிளவுடில் இருக்கிறது. அதே நிலையில் வெளியேறினால் அம்மாவுக்கு அசல் கிடைக்காது. டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸ் என்று மாற்றி, வைஃபையிலும் மின்சாரத்திலும் இணைத்து, முழுதும் இறங்கும்வரை காத்திருங்கள். ஓர் இரவு போதாமலும் போகலாம். போனில் அவ்வளவு இடம் இல்லையென்றால், கணினியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

அடுத்து நோட்ஸ். ஐகிளவுடில் உள்ள குறிப்புகள் வெளியேறியதும் போனிலிருந்து போய்விடும். மளிகைப் பட்டியல் போனால் பரவாயில்லை, மருந்து விவரம் போனால் சிரமம். தேவையானவற்றை ஆன் மை ஐபோன் பகுதிக்கு நகர்த்துங்கள். வாட்ஸ்அப் செயலியை மட்டும் தொட வேண்டாம். உரையாடல்கள் போனிலேயே இருப்பதால் கணக்கு மாறினாலும் அவை நிற்கும். ஆனால் பழைய பேக்கப் அப்பாவின் ஐகிளவுடோடு போய்விடும். அதனால் புதுக் கணக்கில் நுழைந்த அன்றே புதிதாக ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

இப்போது வெளியேறலாம். தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதியை அணைக்க அப்பாவின் கடவுச்சொல் கேட்கும், அவர் பக்கத்தில் இருக்கட்டும். எந்தத் தகவல்களின் பிரதியை இந்தப் போனில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும்போது தொடர்புகளையும் நாள்காட்டியையும் கட்டாயம் தேர்ந்தெடுங்கள். பிறகு அம்மாவின் சொந்த மின்னஞ்சல், சொந்த கைப்பேசி எண் கொண்டு புதுக் கணக்கு தொடங்கி நுழையுங்கள். தொடர்புகளைச் சேர்க்கவா என்று கேட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். மெசேஜஸ், ஃபேஸ்டைம் இரண்டின் அமைப்பிலும் அம்மாவின் எண் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் போனில் கணக்குப் பக்கத்தின் கீழே உள்ள சாதனப் பட்டியலிலிருந்து அம்மாவின் போனை நீக்குங்கள். இதன் பிறகுதான் அவரவர் தங்களுக்கு வேண்டாத எண்களையும் படங்களையும் அழிக்கலாம்.

பழைய கணக்கில் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் அம்மாவுக்கு வேண்டுமென்றால் வாங்குதல் பகிர்வு வழியாகக் கிடைக்கும். அதுவும் ஒத்துவரவில்லை என்றால், ஐகிளவுடுக்கு அம்மாவின் கணக்கு, மீடியா அண்ட் பர்ச்சேசஸுக்கு மட்டும் அப்பாவின் கணக்கு என்று ஒரே போனில் இரண்டையும் வைக்க ஆப்பிள் இடம் தருகிறது.

ஆண்ட்ராய்டில் கோளாறு வேறு மாதிரி. ஒரே போனில் இரண்டு மூன்று கூகுள் கணக்குகள் இருக்கும், படம் எதில் ஏறுகிறது என்று யாருக்கும் தெரியாது. கூகுள் போட்டோஸைத் திறந்து மேலே உள்ள முகப்படத்தைத் தொட்டால் எந்தக் கணக்கில் பேக்கப் ஆகிறது என்று காட்டும். புதுத் தொடர்புகள் எந்தக் கணக்கில் சேமிக்கப்படுகின்றன என்பதையும் தொடர்புகள் செயலியில் பார்த்துவிடுங்கள். விளையாட்டு வாங்கித் தருவதற்காகப் பிள்ளையின் போனில் அப்பாவின் கணக்கைப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, 13 வயதுக்குக் கீழ் என்றால் கூகுளின் பெற்றோர் கண்காணிப்புச் செயலியான ஃபேமிலி லிங்க் மூலம் பிள்ளைக்கே கணக்கு தொடங்குங்கள்.

வீட்டில் ஐபோனும் ஆண்ட்ராய்டும் கலந்திருந்தால் படங்களுக்குக் கூகுள் போட்டோஸே பொது இடமாக இருக்கட்டும். ஐபோன் பேக்கப்புக்கு மட்டும் சிறிய ஐகிளவுட் திட்டம் போதும். ஒரே ஐபோனில் ஐகிளவுட் போட்டோஸும் கூகுள் போட்டோஸும் சேர்ந்து ஓடினால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு இடத்தில் வாடகை கட்டுகிறீர்கள்.

எல்லாரும் பார்க்க வேண்டிய படங்கள்

தனிக் கணக்கு என்றால் குடும்பப் படங்களை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? ஐபோனில் இரண்டு வழி. பகிர்ந்த ஆல்பம் இலகுவானது, சேமிப்பு இடத்தில் கணக்காகாது. ஆனால் படத்தின் நீளப் பக்கத்தை 2048 பிக்சலுக்குக் குறைத்துவிடும். ஓர் ஆல்பத்தில் 5000 படம்வரை. பார்த்து மகிழ இது தாராளம், பெரிதாக அச்சிட உதவாது. ஐஓஎஸ் 16 காலத்தில் வந்த பகிர்ந்த போட்டோ லைப்ரரியில் அசல் படமே இருக்கும், தொடங்கியவரோடு 5 பேர் சேரலாம், இடம் முழுதும் தொடங்கியவர் கணக்கில் விழும். அதில் யார் வேண்டுமானாலும் எந்தப் படத்தையும் அழிக்கலாம் என்பதை மறக்காதீர்கள். அழித்ததை மீட்கும் உரிமை அந்தப் படத்தைச் சேர்த்தவருக்கு மட்டுமே. கணவன் மனைவிக்கு இது பொருந்தும். எட்டு வயதுப் பிள்ளையை இதில் சேர்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இல்லப் பணிப்பெண்ணைக் குடும்பக் குழுவில் சேர்ப்பது அவருக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல. ஒரு நாள்காட்டியையோ ஓர் ஆல்பத்தையோ மட்டும் அவருடைய கணக்குக்குப் பகிர்ந்தால் போதும்.

எதில் வைத்தாலும், கிளவுட் என்பது ஒத்திசைவு. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். ஐகிளவுட் குப்பைத்தொட்டியில் 30 நாள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்துக்கு 60 நாள், அவ்வளவுதான் அவகாசம். ஆண்டுக்கு ஒருமுறையாவது, கணக்கிலுள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் மூலமோ கணினி வழியாகவோ ஒரு எஸ்எஸ்டியில் பிரதி எடுத்து அலமாரியில் வையுங்கள். டேக்அவுட் அனுப்பும் இணைப்பு ஏறக்குறைய ஒரு வாரத்தில் காலாவதியாகும். வந்த அன்றே இறக்குங்கள்.

ஓடிபியும் பெரியவர்களும்

ஒரே கணக்கைப் பகிரும் வீட்டில் "அம்மா, இப்போ ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பது தினசரி வசனமாகிவிடும். எனக்கு இதில்தான் மிகுந்த கவலை. போனில் கேட்டால் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று நாமே பெரியவர்களைப் பழக்கிவிடுகிறோம். மோசடிக்காரன் கேட்பதும் அதே எண்ணைத்தான். தனிக் கணக்கு கொடுத்துவிட்டால் யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்ற விதியை விலக்கே இல்லாமல் சொல்லிக் கொடுக்கலாம். சந்தேக அழைப்பு வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு (மோசடித் தடுப்பு உதவி) எண்ணைத் தாத்தா பாட்டி போனில் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸ் எந்தக் குடும்பப் பகிர்விலும் சேராது. அதன் கடவுச்சொல்லைப் பொது நோட்டிலோ பகிர்ந்த கடவுச்சொல் குழுவிலோ வைக்காதீர்கள். ஐஓஎஸ் 17 முதல் உள்ள அந்தக் குழு வீட்டு வைஃபை, மின்கட்டணக் கணக்கு போன்றவற்றுக்கு நன்று.

அவசரத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஆப்பிள் கணக்கின் நம்பகமான எண்களில் சொந்த எண்ணோடு துணைவர் அல்லது பிள்ளையின் எண்ணையும் சேருங்கள். கணக்கில் நுழைய முடியாமல் போனால் மீட்க உதவும் ரெக்கவரி காண்டாக்ட் என்றும் ஒருவரைக் குறியுங்கள். கூகுளில் 8 இலக்க பேக்கப் குறியீடுகள் 10 கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு மட்டும். அவற்றை அச்சிட்டுப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஊருக்குப் போய்ச் சிங்கப்பூர் சிம்மைக் கழற்றிவிட்டுக் கணக்கில் நுழைய முடியாமல் தவிப்பவர்களுக்கு இந்தத் தாள்தான் கைகொடுக்கும். பெரியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லையென்றால், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள எஸ்ஜி டிஜிட்டல் மையங்களில் உதவுவார்கள்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியைக் கூகுள் குடும்பக் குழுவில் சேர்க்க முடியாது. எல்லாரும் அமைப்பாளரின் நாட்டிலேயே இருக்க வேண்டும். ஆப்பிளிலும் வாங்கியதைப் பகிர எல்லார் கணக்கும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். இதற்காகக் கணக்கின் நாட்டை மாற்றித் தடுமாற வேண்டாம். அவர்களுக்குப் பகிர்ந்த ஆல்பம் போதும்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் சாதனத்தைப் பள்ளி நிர்வகிக்கிறது. அதில் குடும்பப் படங்கள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி தரும் கூகுள் கணக்கைக் குடும்பக் குழுவில் சேர்க்கவும் முடியாது. பள்ளி முடிக்குமுன் அதிலுள்ள கோப்புகளைச் சொந்தக் கணக்குக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

அமைப்பாளர் மாறும்போது

வங்கி புது அட்டை அனுப்பி, பழைய எண் செல்லாமல் போனாலே ஆறு பேரின் சேமிப்பும் ஆடிப்போகும். அட்டை மாறிய அன்றே இரண்டு நிறுவனக் கணக்குகளிலும் மாற்றுங்கள். திருமணமாகித் தனிக்குடும்பம் போகும் பிள்ளை குழுவை விட்டு விலகியதும் பொது இடம் போய்விடும். அதற்குமுன் அவர் சொந்தமாகச் சந்தா எடுத்துக்கொள்ளட்டும். ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பதால், இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்துவிட்டு மாறுங்கள்.

ஆப்பிளில் அமைப்பாளர் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. குழுவைக் கலைத்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும், 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை அதற்குமுன் வேறு குழுவுக்கு நகர்த்த வேண்டும். எழுபதைக் கடந்த அப்பா அமைப்பாளராக இருந்தால் அவர் நலமாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. அவர் காலமான பிறகு வங்கி அட்டையை முடக்கும், சந்தா நிற்கும், கடவுச்சொல் யாரிடமும் இருக்காது.

அப்பாவின் ஐபோனில் சைன்-இன் அண்ட் செக்யூரிட்டி பகுதியில் லெகசி காண்டாக்ட் (அவர் காலத்துக்குப் பிறகு கணக்கைத் திறக்கக்கூடியவர்) என்று ஒருவரைக் குறிக்கலாம். 5 பேர்வரை முடியும். அப்போது தரப்படும் அணுகல் சாவியை அச்சிட்டு வையுங்கள். பின்னாளில் அந்தச் சாவியும் இறப்புச் சான்றிதழும் சேர்ந்து கேட்கப்படும். சிங்கப்பூரில் 2022 மே 29 முதல் இறப்புச் சான்றிதழ் மின்வடிவில்தான் வழங்கப்படுகிறது. பதிவிறக்கிய கோப்பை வீட்டில் இருவராவது சேமித்து வைத்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்ததிலிருந்து 3 ஆண்டுகள் படங்களையும் கோப்புகளையும் எடுக்கலாம், ஆனால் சேமித்த கடவுச்சொற்கள் போன்றவை கிடைக்காது. கூகுளில் இதற்கு இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர். 3 முதல் 18 மாதம்வரை எவ்வளவு காலம் கணக்கு அசையாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதை அவர் எடுக்கலாம் என்று அதில் குறித்துவிடலாம். 10 பேர்வரை இடம் உண்டு. அதில் வேறு வீட்டில் வசிக்கும் ஒருவரின் பெயரும் இருக்கட்டும்.